பிரம்பு போயிற்று, சுவர் எங்கே?

ஆசிரியர் கையிலிருந்த பிரம்பு பறிக்கப்பட்டுவிட்டது. 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தால் கல்வி அமைச்சு பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் மாணவனொருவனின் செவி பழுதுற்ற வழக்கில், அச்செயல் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறியதென 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. நட்டஈடு செலுத்துமாறு ஆசிரியரை மட்டுமன்றி அரசையும் பணித்தது. நன்று! அத்தீர்ப்பை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும், பிரம்போடு ஒழுக்கமும் போயிற்றென்று புலம்புவோர் நம்மிடையே பலர். அவர்களை ஒன்று கேட்போம். அச்சம் எந்தப் பாடத்தைக் கற்பித்தது? அடிக்கு அஞ்சிய பிள்ளை ஆசிரியரின் கையைப் பார்க்குமேயன்றிக் கரும்பலகையைப் பார்க்குமா? 1995 செப்டெம்பர் 22 இல் நாகர்கோவில் பாடசாலையில் விமானக் குண்டுக்கு மாணவர் பலியான மண் இது. பள்ளி வளவுக்குள் பிள்ளை எவருக்கும் அஞ்சலாகாதென்று உரத்துச் சொல்ல வேண்டியவர் நாமல்லவா?

பிழை வேறிடத்தில் இருக்கிறது. பிரம்பை எடுத்த அரசு அதனிடத்தில் எதை வைத்தது? அறிவுரைகள் வந்தன, வசதிகள் வந்தனவா? நம் பிரதேசங்களில் இன்றும் எத்தனையோ பாடசாலைகளில் நீண்ட மண்டபம் ஒன்றே பல வகுப்புகளுக்கும் அறை. இடைச்சுவர் இல்லை. ஒரு மூலையில் வாய்பாடு, மறுமூலையில் செய்யுள், நடுவே ஆங்கிலம். தம் குரல் தம் வகுப்புக்கு எட்டவேண்டி ஓர் ஆசிரியை கூவுகிறார். அயல் வகுப்பு ஆசிரியர் அதனினும் உரத்துக் கூவுகிறார். கடைசி வாங்கிலிருப்பவனுக்கு எதுவுமே கேட்பதில்லை. கேளாதவன் பேசுகிறான், பேசுபவனைக் குழப்படிகாரன் என்கிறோம். குழப்படி பிள்ளையிடத்திலா, கட்டடத்திலா?

சிற்றூர்ப் பாடசாலையின் கதை வேறு. அங்கே ஒருவரே இரு வகுப்புகளைப் பார்க்கிறார். ஒன்றுக்குக் கற்பிக்கையில் மற்றது காவலின்றிக் கிடக்கிறது. மதிலில்லாத வளவுக்குள் மாடும் நாயும் நுழைகின்றன. பாடத்தில் இருக்கவேண்டிய ஆசிரியரின் கண் படலையில் இருக்கிறது. 40 நிமிடப் பாடவேளையில் 10 நிமிடம் அடக்குவதற்கே கழியுமாயின், கல்வியில் காற்பங்கு களவு போயிற்று என்பதே கணக்கு. ஆண்டிறுதியிலோ, பரீட்சைப் பெறுபேற்றைக் காட்டி ஆசிரியரையே கூண்டிலேற்றுகிறார்கள்!

உழவரே, வேலி அடைக்காத தோட்டத்தில் கன்றை நட்டுவிட்டு, விளைச்சல் இல்லையென்று கூலியாளை ஏசுவீரோ? சட்டத்தரணியாரே, ஒரே மண்டபத்தில் நான்கு வழக்குகள் ஒரே வேளையில் விசாரிக்கப்படின் உமது வாதம் எடுபடுமோ? உமக்கு ஒவ்வாதது உம் பிள்ளையின் ஆசிரியருக்கு மட்டும் எப்படி ஒக்கும்?

ஒவ்வொரு மாணவனையும் தனித்துக் கவனிக்கத்தக்க அளவினதாக வகுப்பு இருத்தல் வேண்டுமென, யுனெஸ்கோவும் சர்வதேச தொழில் அமைப்பும் 1966 ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்துவிட்டன. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, செய்யத்தான் மனமில்லை.

பிரம்பை நாம் திருப்பிக் கேளோம். இடைச்சுவரைக் கேட்கிறோம், மதிலைக் கேட்கிறோம், நிரப்பப்படாத ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பக் கேட்கிறோம், வழிதவறும் பிள்ளையின் மனமறிந்து பேசப் பயிற்றப்பட்ட ஆலோசகரைக் கேட்கிறோம். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோரிடம் வேறெதுவும் வினவ வேண்டாம். "எம் ஊர்ப் பள்ளியில் எத்தனை சுவர் எழுப்பினீர்?" என்று மட்டும் கேளுங்கள். விடையில்லாதவருக்கு வாக்குமில்லை!