எரியுமா? எரியாதா?

ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது. பார்த்தால், "இது எரியாது" என்று சொல்வது போல் இருக்கும். உண்மையில் அது, "ஜாக்கிரதை! உடனே தீப்பிடிக்கும்" என்று எச்சரிக்கிறது!

அந்தச் சொல், "இன்பிளேமபிள்".

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் பின்புறத்தில் இதைப் பெரிய எழுத்தில் காணலாம். பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பாவிலும் இதுவோ, இதன் தம்பியான "பிளேமபிள்" என்ற சொல்லோ இருக்கும்.

ஆங்கிலமே தெரியாதவருக்கு இந்தச் சொல் ஒன்றும் சொல்லாது. கொஞ்சம் தெரிந்தவரையோ ஏமாற்றிவிடும்!

இரண்டு "இன்"

"கரெக்ட்" என்றால் சரி. "இன்கரெக்ட்" என்றால் சரியல்ல. "கம்ப்ளீட்" என்றால் முழுமையானது. "இன்கம்ப்ளீட்" என்றால் அரைகுறை. எனவே, முன்னால் "இன்" வந்தால் "இல்லை" என்று அர்த்தம் என மாணவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது.

"பிளேம்" என்றால் தீச்சுடர். அப்படியானால் "இன்பிளேமபிள்" என்றால் தீப்பிடிக்காதது என்றுதானே அர்த்தம்?

கணக்கு சரியாகத்தான் தோன்றுகிறது. விடைதான் தவறு!

ஆங்கிலத்துக்கு ஏராளமான சொற்களைக் கொடுத்தது லத்தீன் மொழி. அதில் இரண்டு "இன்" உண்டு. ஒன்றுக்கு "இல்லை" என்று அர்த்தம். மற்றொன்றுக்கு "உள்ளே" என்று அர்த்தம்.

டாக்டர் போடும் "இன்ஜெக்ஷன்" இரண்டாவது வகை. மருந்தை உள்ளே செலுத்துவதால் அந்தப் பெயர்.

"இன்பிளேமபிள்" என்பதும் இந்த இரண்டாவது வகைதான். தீ மூட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து அது பிறந்தது. புண் சிவந்து, வீங்கி, எரிந்தால் டாக்டர்கள் "இன்பிளமேஷன்" என்பார்கள். அதுவும் இதே குடும்பம்தான்.

"இன்"னை வெட்டினார்கள்

இந்தக் குழப்பம் ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே இருந்தது. தவறாகப் புரிந்துகொண்டால் உயிர் போகும் அல்லவா?

அமெரிக்காவில் உள்ள தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில் ஒரு யோசனை சொன்னது. "இன்" என்பதை வெட்டிவிட்டு, "பிளேமபிள்" என்றே எழுதச் சொன்னது. இங்கிலாந்தின் தர நிர்ணய நிறுவனமும் 1959-ல் இதையே வலியுறுத்தியது.

ஆகவே, "பிளேமபிள்", "இன்பிளேமபிள்" இரண்டுக்கும் ஒரே அர்த்தம்: எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. தீப்பிடிக்காததைக் குறிக்க "நான்பிளேமபிள்" என்று எழுத வேண்டும். மாணவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

காலி டிரம்மின் ஆபத்து

ஒரு சொல் எப்படித் தீ விபத்தை உண்டாக்கும் என்று காட்டியவர், அமெரிக்க மொழி அறிஞர் பெஞ்சமின் லீ வோர்ப். இவர் ஒரு தீ இன்சூரன்ஸ் கம்பெனியில் என்ஜினீயராக வேலை பார்த்தவர். விபத்து அறிக்கைகளை ஆராய்வது இவருடைய பணி.

பெட்ரோல் நிறைந்த டிரம்களின் அருகே ஜனங்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். "காலி டிரம்" என்றதும் அலட்சியமாகி விடுகிறார்கள். அங்கே சிகரெட் பிடிக்கிறார்கள். துண்டை வீசி எறிகிறார்கள். ஆனால் காலி டிரம்தான் அதிக ஆபத்தானது என்று வோர்ப் எடுத்துக் காட்டினார்.

காரணம் என்ன? டிரம்மில் பெட்ரோல் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும். அது காற்றோடு கலந்து, ஒரு பொறி பட்டாலே வெடித்துவிடும். சுமார் 40 டிகிரி உறைகுளிரில் கூட, தீப்பற்றும் அளவுக்குப் பெட்ரோலில் இருந்து ஆவி கிளம்பும். தமிழ்நாட்டு வெயிலில் கேட்க வேண்டுமா? அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தூரத்தில் எரியும் விளக்கையும் எட்டிவிடும்.

தமிழில் எழுதலாமே!

"எளிதில் தீப்பிடிக்கும்" என்று தமிழில் எழுதினால் இந்தக் குழப்பம் ஏது? பிடிக்கும் என்றால் பிடிக்கும். பிடிக்காது என்றால் பிடிக்காது. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கும் புரியும். முதியோர் பள்ளியில் நேற்று எழுத்துக் கற்ற பாட்டியும் படித்துவிடுவார்.

லாரி பல மாநிலங்களைக் கடந்து செல்கிறது, எத்தனை மொழியில் எழுதுவது என்று கேட்கலாம். அதற்குத்தான் படம் இருக்கிறது. சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுடர் வரைந்த அடையாளம் உலகம் முழுவதற்கும் பொதுவானது. அதற்கு எழுத்தே வேண்டாம்.

ஆனால் வீட்டுக்குள் வரும் டப்பாவின் கதை வேறு. அதைக் கையில் எடுப்பவர்கள் வீட்டுப் பெண்கள், வேலையாட்கள், சிறுவர்கள். விளம்பரத்தைத் தமிழில் செய்யத் தெரிந்த கம்பெனிகளுக்கு எச்சரிக்கையைத் தமிழில் அச்சிடத் தெரியாதா? பொருளின் பெயருக்குக் கொடுக்கும் இடத்தில் கால்பங்கு கொடுத்தாலும் போதும். அரசாங்கமும் இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

அதுவரை குடும்பத்தினர் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தின்னர், டர்பன்டைன், பெட்ரோல் போன்றவற்றை அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தூரத்தில் வைக்க வேண்டும். தீர்ந்துபோன டப்பாவையும் நெருப்பில் போடக்கூடாது. வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இருந்தால், டப்பாவில் உள்ளதை வாசிக்கச் சொல்லலாம். "இன்பிளேமபிள் என்றால் எரியும், அம்மா" என்று அந்தப் பிள்ளை சரியாகச் சொல்ல வேண்டும்!