டைல்ஸ், பீங்கானில் இருக்கும் ஃபெல்ஸ்பார்: 'சிறுகனிமம்' பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது ஏன்?

வீட்டுத் தரையில் பளபளக்கும் டைல்ஸ், டீ குடிக்கிற பீங்கான் கப், பாத்ரூம் வாஷ்பேசின். மூன்றிலும் கலந்திருக்கும் ஒரு கல் உண்டு. பெயர் ஃபெல்ஸ்பார். 2025 பிப்ரவரி 20 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் இதைப் பெருங்கனிமமாக மாற்றி அறிவித்தது.

அப்படி என்ன வேலை பார்க்கிறது?

பீங்கானின் பழைய கணக்கு சிம்பிள்தான். பாதி வெள்ளைக் களிமண், மீதியில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் ஏறக்குறைய சரிபாதி. களிமண் வடிவம் கொடுக்கும். குவார்ட்ஸ் சூளையில் உருக்குலையாமல் தாங்கும். ஆனால், இவை தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு வேண்டும். அந்த அளவுக்குச் சூளை போட்டால் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது.

இங்குதான் ஃபெல்ஸ்பார் கைகொடுக்கிறது. இதிலுள்ள பொட்டாசியம், சோடியத்தால் 1,200 டிகிரியை ஒட்டியே இளகி, கண்ணாடிக் குழம்பாகி, நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. மண்பானை கசியும், பீங்கான் கப் கசியாது என்றால் காரணம் இந்தக் கண்ணாடிதான். விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. இன்னொரு வேடிக்கை: அந்த வெள்ளைக் களிமண்ணே ஃபெல்ஸ்பார் காலப்போக்கில் சிதைந்து உருவானதுதான்.

அரசு ஏன் தலையிட்டது?

டைல்ஸுக்காக அல்ல, லித்தியத்துக்காக. 2015இல் ஃபெல்ஸ்பார் உட்பட 31 கனிமங்கள் சிறுகனிமங்களாக்கப்பட்டு, மாநில அரசுகளின் விதிகளுக்குள் வந்தன. ஆனால் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா கிடைக்கும் பெக்மடைட் பாறைகளில் லித்தியம், பெரிலியம், டான்டலம் போன்றவையும் இருக்கலாம். சிறுகனிமக் குத்தகைதாரர்கள் அவற்றைக் கணக்கில் காட்டுவதில்லை, எடுப்பதும் இல்லை என்பது மத்திய அரசின் வாதம். பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் டைல்ஸ் மாவோடு அரைபட்டுப் போனால் நஷ்டம்தானே!

யாருக்கு என்ன மாற்றம்?

பழைய குத்தகைகள் ரத்தாகாது. வழங்கிய நாளில் இருந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கும். வருவாயும் மாநிலங்களுக்கே. ஆனால் இந்திய சுரங்கப் பணியகத்தில் பதிவு, சுரங்கத் திட்ட ஒப்புதல் என வேலை கூடும். பெரிய நிறுவனங்கள் சமாளித்துவிடும். கரூர், நாமக்கல் பக்கம் சிறிய குவாரி நடத்துபவர்களுக்குத்தான் சுமை. அவர்களிடம் புவியியல் நிபுணரோ, ஆய்வக வசதியோ இருப்பது அரிது. பாறையில் லித்தியம் இருக்கிறதா என்று பார்க்கும் செலவு யார் தலையில் விழும் என்பதே இப்போதைய கேள்வி.