விறகில்லாமல் குளிர் காயலாம்!

கொடைக்கானலில் கூடாரம் போட்டால் 'கேம்ப் ஃபயர்' இல்லாமலா என்கிறார்கள் நண்பர்கள். காப்புக்காட்டில் தீ மூட்டக் கூடாதென்று 1882-லேயே சட்டம் வந்தாச்சு. அனுமதியுள்ள தோட்டத்தில் தங்கினாலும் விறகு எதற்கு?

சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு, கூடாரத்துக்கு வெளியே. வெளிச்சத்துக்கு எல்.இ.டி. விளக்கு. குளிருக்கு, வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை. கம்பளிக்குள் காலடியில் போட்டுக்கொண்டால் சொர்க்கம்!

'கரி அடுப்புல புகையே வராது, உள்ளே வெச்சுக்கலாம்' என்று ஒருத்தர் கிளம்புவார். விடாதீர்கள். கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே கணக்கை முடித்துவிடும். பி.காம். படித்தவன் சொல்கிறேன், அந்தக் கணக்கை மறுபடி திறக்க முடியாது.

சரி, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அரட்டை? ஆபீஸ் அரசியலை ஆரம்பியுங்கள், தானே பற்றிக்கொள்ளும்!