உள்ளங்கையில் ஒரு டாங்கி!

45 டன் எடையுள்ள டாங்கி, சாப்பாட்டு மேஜை மீது நிற்கிறது!

அதன் இரும்புச் சங்கிலி துருப்பிடித்திருக்கிறது. சக்கரங்களில் சேறு அப்பியிருக்கிறது. பீரங்கியின் வாயில் புகைக்கரி படிந்திருக்கிறது.

கிட்டப் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அது இரும்பு அல்ல, பிளாஸ்டிக். துரு அல்ல, வர்ணம். சேறு அல்ல, பசையில் குழைத்த பொடி. டாங்கியின் மொத்த நீளமே ஒரு சாண்தான்!

பொம்மை டாங்கிகளைத் துண்டு துண்டாக ஒட்டி, வர்ணம் தீட்டுவது ஒரு பொழுதுபோக்கு. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி என்று பல நாடுகளில் இது பரவியிருக்கிறது. இதில் ஈடுபட்டவர்களில் ஏராளமானோர் சிறுவர்கள் அல்ல. தலை நரைத்தவர்கள்!

"வளர்ந்த மனிதனுக்குப் பொம்மை எதற்கு?" என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்கிறார்கள்.

"கொலைக் கருவியை வைத்து விளையாடலாமா?" என்று வெளியில் உள்ளவர்கள் கேட்கிறார்கள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி!

முதல் உலக யுத்தத்தின்போது பிறந்தது டாங்கி. 1916 செப்டம்பர் 15-ந் தேதி, பிரான்சு நாட்டில், பிரிட்டிஷ் படை அதை முதன்முதலாகப் போர்க்களத்தில் இறக்கியது.

அதற்கு முன்பு விஷயம் பரம ரகசியமாக இருந்தது. "இது தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி" என்று சொல்லி மறைத்தார்கள். தொட்டிக்கு இங்கிலீஷில் "டாங்க்" என்று பெயர். ரகசியம் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது!

சென்னையை அடுத்த ஆவடியில், இந்திய ராணுவத்துக்கு டாங்கி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் பொம்மை டாங்கிக்குப் பேர்போன ஊர் ஜப்பானில் இருக்கிறது. அதன் பெயர் ஷிஸுவோகா.

சாம்பலில் முளைத்த தொழில்

1945-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு, அமெரிக்க விமானங்கள் ஷிஸுவோகா நகரத்தின் மீது நெருப்புக் குண்டுகளைப் பொழிந்தன. ஊரின் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. சுமார் 2 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

அடுத்த வருஷம், அதே ஊரில், யோஷியோ டாமியா என்பவர் மரம் அறுத்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். வீடு இழந்தவர்கள் வீடு கட்டவேண்டும் அல்லவா? மரத்துக்குத் தேவை இருந்தது. பிறகு மரத்திலேயே பொம்மைக் கப்பல்களும் செய்து விற்றார்.

1951-ல் அவருடைய மரக்கிடங்கில் தீப்பிடித்தது. அதன் பிறகு மர வியாபாரத்தையே விட்டுவிட்டார். பொம்மைதான் இனித் தொழில் என்று தீர்மானித்தார்.

அதிலும் சோதனை வந்தது. அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் பொம்மைகள் வந்து குவிந்தன. மரப் பொம்மையைச் சீந்துவார் இல்லை. 1960-ல் டாமியா கம்பெனியும் "யமாட்டோ" என்ற போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் செய்தது. போட்டிக் கம்பெனி ஒன்று அதே கப்பலை மலிவாக விற்றது. டாமியாவுக்கு நஷ்டம்!

அப்போது முன்னே வந்தார் மகன் சுன்சாகு டாமியா. அவர் தேர்ந்தெடுத்தது கப்பல் அல்ல. "பாந்தர்" என்ற ஜெர்மன் டாங்கி. 1960-களின் தொடக்கத்தில் அது கடைக்கு வந்தது. சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை அல்ல. உள்ளே சிறிய மோட்டாரும் பாட்டரியும் வைத்து ஓடவிட்டார்கள். சிறுவர்கள் துள்ளிக் குதித்தார்கள். கம்பெனி பிழைத்தது.

பாட்டரி செய்த முடிவு

அந்தப் பொம்மை, உண்மையான டாங்கியில் 35-ல் ஒரு பங்கு. அதாவது, அப்படிப்பட்ட 35 பொம்மைகளை வரிசையாக வைத்தால் ஒரு நிஜ டாங்கியின் நீளம் வரும்.

ஏன் 35? ஏன் 30 அல்ல, 40 அல்ல?

பெரிய நிபுணர்கள் கூடிப் பேசி முடிவு செய்த அளவு அல்ல இது. மோட்டாரும் பாட்டரியும் உள்ளே அடங்கவேண்டும். அடங்கும்படி டாங்கியைச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் 35-ல் ஒரு பங்கு வந்தது! இன்று உலகம் முழுவதும் பல நாட்டுக் கம்பெனிகள் அதே அளவில்தான் டாங்கி செய்கின்றன. மோட்டார் போய்விட்டது. அளவு நிலைத்துவிட்டது.

இதிலே ஒரு வேடிக்கைக் கணக்கும் இருக்கிறது. நீளத்தில் 35-ல் ஒரு பங்கு. அகலத்திலும் அப்படியே. உயரத்திலும் அப்படியே. 35-ஐ மூன்று முறை பெருக்கினால் 42,875 வரும். ஆகவே, 45 டன் டாங்கியை அதே இரும்பில் பொம்மையாகச் செய்தாலும் எடை சுமார் ஒரு கிலோதான்! பள்ளிக்கூடத்தில் கசக்கும் கணக்கு, மேஜை மீது இனிக்கிறது.

சுன்சாகு டாமியா சும்மா படத்தைப் பார்த்துப் பொம்மை செய்தவர் அல்ல. அமெரிக்காவில் அபர்டீன் என்ற இடத்தில் இருந்த ராணுவ மியூசியத்துக்கே போய், டாங்கிகளைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். பொம்மைக் கார் செய்வதற்காக, ஒரு நிஜ போர்ஷே காரை விலைக்கு வாங்கி, கழற்றிப் பார்த்தவர் அவர். 2025-ல் அவர் காலமானார். "உள்ளது உள்ளபடி" என்ற அவருடைய பிடிவாதம்தான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர்.

பொறுமைக்குப் பள்ளிக்கூடம்

பெட்டியைத் திறந்தால் டாங்கி இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் கோத்த துண்டுகள்தான் இருக்கும். சில பெட்டிகளில் 200, 300 துண்டுகள். சில பெட்டிகளில் ஆயிரத்துக்கும் மேல்!

ஒவ்வொரு துண்டையும் வெட்டி எடுக்கவேண்டும். பிசிறைச் சீவவேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கவேண்டும். பிறகுதான் ஒட்டுவது. ஒட்டும் திரவம் சாதாரணப் பசை அல்ல. அது பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைக்கிறது. கரைந்த இரண்டு பக்கங்களும் ஒன்றாகி இறுகுகின்றன. அவசரப்பட்டுக் கையை வைத்தால், விரல் ரேகை டாங்கியில் பதிந்துவிடும். அப்புறம் அழுதாலும் போகாது!

அவசரக்காரனை அந்த மேஜை உடனே தண்டிக்கிறது. பொறுமைசாலிக்கு மெதுவாகப் பரிசு கொடுக்கிறது. புத்தகத்தில் படித்து வராத குணம் இது. கையால் செய்துதான் வரும்.

"பொம்மை எதற்கு?" என்ற முதல் கேள்விக்கு இதுவே பதில். விலைக்கு வாங்கிய பொம்மை ஒரு நாளில் சலித்துவிடும். ஒரு மாதம் உட்கார்ந்து தன் கையால் செய்த பொம்மை, ஆயுள் முழுவதும் சலிக்காது.

வர்ணம் சொல்லும் கதை

ஒட்டுவது பாதி வேலை. வர்ணம் மீதிப் பாதி.

முதலில் அடிவர்ணம். பிறகு மேல்வர்ணம். அது காய்ந்ததும், கறுத்த வர்ணத்தைத் தண்ணீர் போல நீர்க்கக் கரைத்து விடுவார்கள். அது ஆணித் தலைகளைச் சுற்றியும், இடுக்குகளிலும் போய்த் தங்கும். மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் தெரியும். அடுத்து, தூரிகையில் உள்ள வர்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை மட்டும் தடவுவார்கள். தேய்ந்த இரும்பு பளபளப்பது போல இருக்கும். கடைசியில் புழுதி, சேறு, எண்ணெய்க் கறை.

ஆனால் கண்டபடி தடவ முடியாது. சரித்திரம் குறுக்கே நிற்கும்!

ஜெர்மன் டாங்கிகள் முதலில் சாம்பல் நிறத்தில் இருந்தன. 1943 பிப்ரவரியில் மஞ்சள் நிறத்துக்கு மாற்றினார்கள். அதன் மீது பச்சையும் செம்பழுப்பும் தெளிப்பது சிப்பாய்களின் வேலை. வர்ணம் குழம்பாக வரும். பெட்ரோல் கிடைத்தால் பெட்ரோலில் கரைத்தார்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் கரைத்தார்கள். ஆகையால் ஒரு டாங்கி போல இன்னொன்று இல்லை. பனிக்காலத்தில் வெள்ளை பூசினார்கள். வெயில் வந்ததும் அது உரிந்தது.

ஒரு சாண் பொம்மைக்குச் சரியான நிறம் தீட்டவேண்டுமானால், அந்த டாங்கி எந்த ஆண்டு, எந்த நாட்டில், எந்தப் பருவத்தில் நின்றது என்று தேடிப் படிக்கவேண்டும். நிறத்தைத் தேடிப் போகிறவன், சரித்திரத்தில் போய் நிற்கிறான்.

சங்கடமான கேள்வி

இனி இரண்டாவது கேள்வி. கொலைக் கருவியை வைத்து விளையாடலாமா?

இதை மழுப்பக்கூடாது. டாங்கி மனிதர்களைக் கொல்வதற்காகவே செய்யப்பட்டது. அதிலும், கடைகளில் மிக அதிகமாகக் காணப்படுபவை ஹிட்லர் படையின் டாங்கிகள்! "டைகர்" என்ற பெயரைக் கேட்டாலே பலருக்கு உற்சாகம். 1943 ஏப்ரலில் டுனீஷியாவில் பிடிபட்ட ஒரு டைகர் டாங்கி, இங்கிலாந்தில் பாவிங்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதைப் பழுதுபார்த்து ஓட வைத்திருக்கிறார்கள். அது ஓடும் நாளில் கூட்டம் திரளுகிறது.

ஜெர்மனியில் ஹிட்லர் கட்சியின் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பொதுவில் காட்டச் சட்டம் தடை விதிக்கிறது. அதனால் அங்கே விற்கும் பொம்மைப் பெட்டிகளில் அந்தச் சின்னம் இருப்பதில்லை. அந்த நாட்டு ஜனங்களுக்குத் தெரியும், அது வெறும் அலங்காரம் அல்ல என்று.

பெட்டியின் மேல் உள்ள படம் கம்பீரமாக இருக்கிறது. புழுதி பறக்க டாங்கி பாய்கிறது. அதை மட்டும் பார்க்கிற சிறுவன், யுத்தம் ஒரு வீர விளையாட்டு என்று நினைத்தால் அது யார் தவறு? பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்த பெரியவர்களின் தவறு!

ஆனால், ஒழுங்காகச் செய்யப்பட்ட பொம்மை வேறு கதை சொல்லும்.

பாந்தர் டாங்கிக்குள் 5 பேர் உட்காரவேண்டும். தலைவன், சுடுகிறவன், குண்டு நிரப்புகிறவன், ஓட்டுகிறவன், ரேடியோக்காரன். பொம்மை அளவில் ஒரு மனிதனின் உயரம் 5 சென்டிமீட்டர். கட்டைவிரல் அளவு! அந்த 5 பேரையும் டாங்கிக்கு அருகில் நிறுத்திப் பார்த்தால் மனம் திடுக்கிடும். இத்தனை பேர் இந்த இடுக்கிலா? தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவார்கள்?

1943 ஜூலையில், ரஷ்யாவில் கூர்ஸ்க் போரில், சுமார் 200 பாந்தர்கள் முதல் தடவையாகக் களம் இறங்கின. சில நாட்களில் ஓடும் நிலையில் மிஞ்சியவை மிகச் சில. எதிரியின் குண்டு பாதி வேலை செய்தது. சொந்தக் கோளாறு மீதி வேலை செய்தது. எஞ்சினில் தீ! பல்சக்கரம் பழுது! பெட்டிப் படத்தில் இது இருக்காது. தேடிப் படிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

எதிரே நின்ற ரஷ்யச் சிப்பாயும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான். டாங்கி ஏறிப்போன கிராமத்திலும் ஜனங்கள் இருந்தார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு துருவையும் கரியையும் தீட்டுகிற கை, யுத்தத்தைப் புகழாது. தெரிந்துகொள்ளாமல் தீட்டினால், அது வெறும் ஆயுத மோகம். வேற்றுமை பொம்மையில் இல்லை. கேட்கிற கேள்வியில் இருக்கிறது.

வீட்டுக்கு எச்சரிக்கை

இந்தப் பொழுதுபோக்கில் குறைகளும் உண்டு.

கத்தி மிகக் கூர்மையானது. சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்கக்கூடாது. சில வர்ணங்களின் நெடியும், ஒட்டும் திரவத்தின் நெடியும் உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகே கூடவே கூடாது. தீப்பற்றும்!

பணம் இன்னொரு பொறி. ஒரு பெட்டியை முடிக்கும் முன்பே ஒன்பது பெட்டி வாங்குகிறவர்கள் உண்டு. அலமாரி நிரம்பும். வேலை நகராது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை வாங்குவதே விவேகம்.

நேரம் மூன்றாவது பொறி. பொம்மைச் சிப்பாயின் முகத்துக்கு வர்ணம் தீட்டுகிறவர், வீட்டில் உள்ளவர்களின் முகத்தை மறந்துவிடக்கூடாது.

அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு தனியே செய்யாமல், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். மகனுக்குச் சக்கரம், மகளுக்கு வர்ணம். அல்லது மகளுக்குச் சக்கரம், மகனுக்கு வர்ணம்! கத்தி வேலை மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

வேலை நடக்கும்போது பிள்ளை கேட்கும்: "இதற்குள்ளே யார் இருந்தார்கள்? அவர்கள் என்ன ஆனார்கள்?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்கிற வீட்டில், பொம்மை டாங்கி தாராளமாக இருக்கலாம்.

குண்டு வீச்சில் எரிந்த ஓர் ஊர், சுடாத டாங்கி செய்து வாழ்கிறது. உலகத்தில் உள்ள டாங்கிகள் எல்லாம் மேஜை மீது நிற்கும் டாங்கிகளாகவே இருந்துவிட்டால், எந்தத் தாயும் வருத்தப்படமாட்டாள்!