லென்ஸை விற்றால் மட்டும் போதுமா?

கான்டாக்ட் லென்ஸ் வாங்க இப்போதெல்லாம் மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையிலேயே கிடைக்கிறது. நம் பேத்திகள் கல்லூரிக்குப் போட்டுப் போகிறார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸ் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அதில் எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. விற்கிறவர்கள் அதை எப்படிப் பராமரிப்பது என்று சொல்லிக் கொடுக்காமல் விற்கிறார்களே, அதுதான் என் ஆட்சேபம். கடைசியில் கண்ணில் புண் வந்தால், "படித்த பெண்தானே, இதுகூடத் தெரியாதா?" என்று பழியையும் அந்தப் பிள்ளை தலையிலேயே போடுகிறார்கள். இது அநியாயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் "எனக்கும் லென்ஸ் வைத்திருக்கிறது" என்பார்கள். அது கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் நிரந்தரமாக வைக்கும் லென்ஸ். அதை நாம் தொடவும் முடியாது, கழுவவும் வேண்டியதில்லை. பேத்தி போடுவது கருவிழியின் மேல் ஒட்டி உட்காரும் மெல்லிய வில்லை. தினமும் விரலால் வைத்து, விரலால் எடுக்க வேண்டும். ஆபத்து அந்த விரலிலும், வில்லையைப் போட்டு வைக்கும் டப்பாவிலும், அதில் ஊற்றும் திரவத்திலும் இருக்கிறது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இந்த லென்ஸுக்கு 'லாந்தீய்' என்று பெயர். மைசூர்ப் பருப்புக்கும் அதே சொல்தான். வடிவம் ஒன்றுபோல் இருப்பதால் வந்த பெயர். சமையல் பருப்பைத் தண்ணீரில் நாலு தடவை களைய வேண்டும். கண்ணில் வைக்கும் இந்தப் பருப்பின் மேல் தண்ணீர் படவே கூடாது. இந்த ஒன்றைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஏன் படக் கூடாது? குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், தொட்டித் தண்ணீர் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற ஓரணு உயிர் இருக்கலாம். வயிற்றுக்குள் போனால் பொதுவாக ஒன்றும் செய்யாது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கருவிழியை அரித்துவிடும். வலி தாங்க முடியாது. வைத்தியம் மாதக் கணக்கில் இழுக்கும். பல நாளுக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருகிற ஊர் நம்முடையது. வந்த அன்று சம்ப், டிரம், குடம் என்று பிடித்து வைத்துக்கொள்கிறோம். தண்ணீரைத் தெய்வமாகப் பார்க்கிற சீமையில் பிறந்த பெண்ணுக்கு, தண்ணீரில் அலசினால் கெடுதல் என்று தானாக எப்படித் தோன்றும்? யாராவது சொன்னால்தானே தெரியும்!

என் மச்சினர் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எம்.எஸ்ஸி. படித்தவள். லென்ஸ் திரவம் தீர்ந்துபோக, நாலு நாள் டப்பாவில் டிரம் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறாள். கண் சிவந்தது. பக்கத்து மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டாள். சிவப்பு குறைந்தது, சந்தோஷப்பட்டாள். அது ஸ்டீராய்டு மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும். உள்ளே இருக்கும் கிருமிக்கோ சோறு போட்டு வளர்க்கும். மதுரைக்குக் கொண்டுபோகும்போது கருவிழியில் வெள்ளையாகப் புண். ஆறு மாத வைத்தியத்துக்குப் பிறகு இன்று அந்தக் கண்ணில் தழும்புதான் மிச்சம். விரல் விட்டுக் காட்டினால் எண்ணுவாள், எழுத்து தெரியாது.

"கடையில என்னதான் சொன்னாங்கம்மா?" என்று கேட்டேன். "போட்டுக் காட்டினாங்க, கழட்டிக் காட்டினாங்க, அவ்வளவுதான் மாமா. மத்ததெல்லாம் பேப்பர்ல இருக்குன்னாங்க" என்றாள். அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். எட்டாக மடித்த காகிதம். முழுக்க இங்கிலீஷ். கடுகை விடச் சின்ன எழுத்து. பார்வை குறைந்தவர்களுக்கு விற்கிற சாமானுக்கு, பார்வை நன்றாக இருப்பவனும் படிக்க முடியாத எழுத்தில் எச்சரிக்கை!

இதைப் பற்றிக் கடைக்காரர்கள் வைக்கும் வாதங்கள் எனக்குத் தெரியும். ஒன்று, "எல்லாம் பாக்கெட்டில் போட்டிருக்கிறது." தாலுகா ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கைநாட்டு வைக்கிறவரிடம் காகிதத்தை நீட்டிவிட்டால் வேலை முடிந்ததா? படித்துக் காட்ட வேண்டும். 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்று எழுதி, அதன் கீழேதான் ரேகை வாங்க வேண்டும். ஒரு சென்ட் நிலத்துக்கு இவ்வளவு முறை இருக்கும்போது ஒரு கண்ணுக்கு இல்லையா?

இரண்டாவது, "வாங்குகிறவர்கள் படித்தவர்கள்." படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2006-இல் அமெரிக்கா, சிங்கப்பூர், ஹாங்காங் எங்கும் லென்ஸ் போட்டவர்களின் கண்ணில் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சை புண்ணை உண்டாக்கியது. பாஷ் அண்ட் லாம் நிறுவனத்தின் ஒரு லென்ஸ் திரவத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பது தெரிந்து, அந்த ஆண்டு மே மாதம் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்க விசாரணையில் மட்டும் உறுதியானவை 164 பேர். அவர்களில் 55 பேருக்குக் கருவிழி மாற்று ஆபரேஷன் தேவைப்பட்டது. பழைய திரவத்தைக் கொட்டாமல் அதன் மேலேயே புதுசை ஊற்றுகிற பழக்கமும் ஆபத்தைக் கூட்டியது என்று கண்டார்கள். அவர்கள் எல்லாம் இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களா?

அந்தப் பூஞ்சை நமக்குப் புதிதும் இல்லை. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கண்ணில் முதலில் அடிபட்டிருந்தது. பெரும்பாலும் காட்டு வேலையில். கண்டுபிடித்த பூஞ்சைகளில் முதலிடம் இதே ஃப்யூசேரியத்துக்குத்தான். நம் கரிசல் மண்ணிலும், காய்ந்த தட்டையிலும், கருவேலம் முள்ளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆசாமி. லென்ஸ் போட்ட பிள்ளை இந்தத் தூசியில்தான் ஸ்கூட்டர் ஓட்டிப் போகிறாள்.

மூன்றாவது வாதம், "சொல்லிக் கொடுக்க நேரம் இல்லை." இதற்குப் பதிலும் அரவிந்திலேயே இருக்கிறது. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த இடம் அது. கிராமத்துப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்வதையே ஒரு வேலையாக வைத்தார்கள். எழுத்தறியாத கிழவிக்கும் இலவச முகாமில் சொட்டு மருந்து எப்படிப் போடுவது என்று சொல்லித் தந்தார்கள். காசு வாங்காமல் அவர்களால் முடிந்தது, காசு வாங்குகிறவர்களால் முடியாதா?

நான் கேட்பது பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டு. தமிழில், கொட்டை எழுத்தில். பில் போடும் முன் வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் இவ்வளவு இருந்தால் போதும்:

1. சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, ஈரம் போன பிறகே லென்ஸைத் தொடவும்.
2. லென்ஸிலும் டப்பாவிலும் தண்ணீரோ எச்சிலோ படக் கூடாது. குளிக்கும் முன் கழற்றவும்.
3. லென்ஸோடு தூங்கக் கூடாது, மத்தியானத் தூக்கமானாலும் சரி.
4. தினமும் பழைய திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றவும். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றவும்.
5. ஒருவர் லென்ஸை இன்னொருவர் போடக் கூடாது.
6. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ உடனே கழற்றவும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போகவும். லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோகவும்.

ஐந்தாவது வரி கல்யாண வீடுகளுக்காகச் சொன்னது. அலங்காரம் செய்ய வருகிறவர்கள் நீலம், பச்சை என்று கலர் லென்ஸ் கொண்டுவந்து, நேற்று ஒரு மணப்பெண்ணுக்குப் போட்டதை இன்று இன்னொருத்திக்குப் போடுகிறார்கள். அமெரிக்காவில் 2005-லேயே அழகுக்குப் போடும் லென்ஸையும் மருத்துவச் சாதனம் என்று சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். இங்கே பொட்டு, வளையலோடு அதுவும் ஒரு அலங்காரச் சாமான்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. வீட்டில் கண் சிவந்தால் முதலில் நம்மிடம்தான் கேட்கிறார்கள். தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு, நந்தியாவட்டைச் சாறு பிழி, தூசி விழுந்தால் நாக்கால் எடு என்று நாம் சொல்கிற வைத்தியமெல்லாம் கருவிழிப் புண்ணுக்கு எமன். பெரியவர்கள் வாயில் வர வேண்டிய வைத்தியம் ஒன்றுதான்: "கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

அடுத்த தடவை பேத்தி லென்ஸ் வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பணத்தை எடுக்கும் முன், "தம்பி, இதை எப்படி வச்சுக்கணும்னு தமிழ்ல சொல்லுங்க" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் மணிபர்ஸைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.