ஓநாயை நம்பலாமா?

காதலன் ஓநாயாக மாறக்கூடியவன் என்று தெரிந்த பிறகும் ஒரு பெண் அவனை நம்பலாமா? விளையாட்டுக் கேள்விதான். ஆனால் ஆங்கில ஜனரஞ்சகக் காதல் கதைகளில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு தனிக் கிளை தழைத்திருக்கிறது. ஸ்டெஃபனி மேயரின் 'நியூ மூன்' (2006) நாவலில் ஓநாயாக மாறும் இளைஞன் காதல் போட்டியில் இறங்கினான். பிறகு வாட்பேட் போன்ற இணையதளங்களில் அவனைப் போன்றவர்கள் பெருகிவிட்டார்கள்.

கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஓநாய்க் கூட்டத்தின் தலைவன், விதி தனக்கென்று குறித்த பெண்ணைப் பலர் முன்னிலையில் நிராகரிக்கிறான். அவள் வெளியேறுகிறாள். வேறு ஊரில் இன்னொருவன் அன்பு காட்டுகிறான். அவனும் ஓநாய்தான். இவனை நம்புவதா, வேண்டாமா? அடுத்த நூறு அத்தியாயங்களுக்கு அவள் யோசித்துக்கொண்டே இருக்கிறாள்.

இலக்கியவாதிகள் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தத் தயக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. விவாகரத்தாகி மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள பிறந்த வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு அத்தனை அவகாசம் சுலபத்தில் கிடைப்பதில்லை. இரண்டாவது வரன் வந்தால், 'இதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்' என்பார்கள். மாப்பிள்ளையின் சம்பளம், சொந்த ஃபிளாட், பெற்றோர் கூட இருக்கிறார்களா என்பதெல்லாம் விசாரிக்கப்படும். முதல் மனைவி ஏன் பிரிந்தாள் என்று அவள் கேட்டால், 'ரொம்பத் தோண்டாதே' என்று பதில் வரும். கதாநாயகிக்கு இருக்கும் சந்தேகப்படும் உரிமை அவளுக்கு இல்லை.

இந்தக் கதைகளின் மூதாதை, 12ம் நூற்றாண்டில் மரி த பிரான்ஸ் என்ற பெண் கவி பிரெஞ்சில் எழுதிய 'பிஸ்க்ளாவ்ரே'. வாரத்தில் மூன்று நாள் ஓநாயாகிவிடும் பிரபு, மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறான். கழற்றி வைத்த உடைகள் இல்லாவிட்டால் மீண்டும் மனிதனாக முடியாது என்பதையும் சொல்கிறான். அவள் தன்னை விரும்பிய வேறொரு வீரனை விட்டு உடைகளைத் திருடவைக்கிறாள். ஓநாயாகவே அலையும் பிரபுவுக்கு அடைக்கலம் தருகிறவன் அரசன். அவனுக்கு எந்த ரகசியமும் தெரியாது. அந்த விலங்கின் நடத்தையைப் பார்த்தே நம்புகிறான்.

இந்தியக் கற்பனையில் ஓநாயைவிடப் பாம்புக்கும் புலிக்கும்தான் மவுசு. கிரீஷ் கர்னாட்டின் 'நாகமண்டல' (1988) நாடகத்தில், மனைவியைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறவன் மனிதன். இரவில் கணவன் உருவில் வந்து அன்பாகப் பேசுகிறவன் நாகம். மும்பை சினிமாவில் மகேஷ் பட்டின் 'ஜுனூன்' (1992), பௌர்ணமி இரவில் புலியாக மாறும் கணவனைக் காட்டியது. அசல் ஓநாய், 2022ல் அமர் கௌஷிக்கின் 'பேடியா'வில் வருண் தவன் உருவில் வந்தது. அந்தப் படம் தமிழிலும் டப் செய்யப்பட்டது.

சினிமாவில் ஒரு வசதி உண்டு. எப்போது மிருகம் வரும் என்று பஞ்சாங்கம் பார்த்தே சொல்லிவிடலாம். வீட்டில் அப்படி இல்லை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் 29 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். மகாராஷ்டிரத்தில் 25 சதவீதம். தமிழ்நாட்டில் 38 சதவீதம்! மும்பையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999ல் தொடங்கிய 'ஸ்நேஹா' அமைப்பு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசனை தரும் பணியைத் தாராவியில் ஆண்டுக்கணக்காகச் செய்துவருகிறது. அன்பு என்று பொருள்படும் பெயர் கொண்ட அமைப்புக்கு அன்பு முறிந்த வீடுகளில்தான் வேலை.

ஓநாய்க் கதைகள் ஆபத்தானவையும்கூட. விதித்த துணை என்ற நம்பிக்கை அவற்றின் ஆணிவேர். நிராகரித்தவனே பிற்பாடு வருந்தி வந்தால், எல்லாவற்றையும் மன்னித்து ஏற்கும் கதாநாயகிகள் ஏராளம். உறுமுவதும் பொறாமைப்படுவதும் காதலின் ஆழத்துக்கு அடையாளங்களாகிவிடுகின்றன. 'பொறுமையாக இரு, திருந்திவிடுவான்' என்று மாமியாரும் அம்மாவும் சொல்வதையே நிலா வெளிச்சத்தில் திரும்பச் சொல்லும் கதைகள் இவை.

2006 அக்டோபரில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. அடிபட்டவள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையும், அவன் நெருங்காதபடி பாதுகாப்பு உத்தரவும் அவள் கேட்கலாம். திருமணத்துக்கு நிகரான உறவில் வாழ்பவளுக்கும் இது பொருந்தும். ஆனால் சட்டத்தால் பயத்துக்கு வேலி போட முடியுமே தவிர, மறுபடி ஒருவனை நம்பும் தைரியத்தைத் தர முடியாது.

அது நாள்பட்டுத்தான் வரும். பிரெஞ்சு அரசன் செய்ததுபோல, வாக்குறுதிகளை விட்டுவிட்டு நடத்தையைக் கவனிக்க வேண்டும். அவள் சம்பளம் அவள் கணக்கில் இருப்பதை அவன் எப்படி எடுத்துக்கொள்கிறான், 'வேண்டாம்' என்று அவள் சொன்னால் அவன் முகம் எப்படி மாறுகிறது என்பவை பெரிய ரகசியங்கள் அல்ல. சில மாதப் பழக்கத்தில் தெரியக்கூடியவை.

இரண்டாவது வரன் தேடுகிற வீடுகளில் சம்பளத்தோடு இதையும் விசாரிக்கலாம்: மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்? பதில் தெரியும்வரை பெண்ணை அவசரப்படுத்தாமல் இருக்கலாம்.