மூன்று பொருள், ஒரு எச்சரிக்கை

மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் விளையும் நீல அகேவ், நம் ரயில் பாதை ஓரங்களில் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு உறவு. முற்றுவதற்குச் சுமார் ஏழு ஆண்டுகள் பிடிக்கும். இலைகளைச் சீவிவிட்டு, அன்னாசி வடிவ அடித்தண்டை வேகவைத்துப் பிழிந்து, புளிக்கவைத்து வடித்தால் டெக்கீலா. இத்தனை பொறுமையையும் புட்டியில் அடைத்த எலுமிச்சைக் கலவை ஒரே நிமிடத்தில் பாழாக்கிவிடும். வீட்டில் கலக்கும் மார்கரிட்டா பலவும் கெடுவது இங்கேதான்.

முதலில் லேபிள். '100% அகேவ்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் 49 சதவிகிதம் வரை வேறு சர்க்கரையிலிருந்து வந்திருக்கலாம். மெக்ஸிகோ சட்டமே அதை அனுமதிக்கிறது.

சர்வதேச பார்டெண்டர் சங்கம் சொல்லும் அளவு: டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சுத் தோல் மணக்கும் ட்ரிபிள் செக் 20 மில்லி, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 15 மில்லி. ஷேக்கர் இல்லையா? இறுக மூடும் ஜாடி போதும். ஐஸ் கட்டிகளோடு 15 விநாடி வேகமாகக் குலுக்கி வடிகட்ட வேண்டும். உப்பு, கோப்பை விளிம்பில் பாதிக்கு மட்டும், அதுவும் வெளிப்புறத்தில். உள்ளே விழுந்தால் கரிக்கும்.

சர்பத் போலத்தான் இறங்கும். ஆனால் குவான்ட்ரோ போன்ற ட்ரிபிள் செக்குக்கும் டெக்கீலாவுக்கும் வீரியம் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் சேர்ந்து 70 மில்லி. அதாவது ஒரு லார்ஜைவிட 10 மில்லி அதிகம். புளிப்பும் இனிப்பும் அதை மறைத்துவிடும். அடுத்த கோப்பையை நீட்டுமுன், விருந்தாளி எப்படி வீடு திரும்பப் போகிறார் என்று கேட்பதும் செய்முறையில் சேர்ந்ததுதான்.